நின்னுட்டு எடுத்த போட்டோ

புனே, 12.3.1996

அம்மாவுக்குச் சென்னிமலை எழுதறது. நீங்களும் அப்பாவும் சௌக்கியமுங்களா? உங்க முட்டிவலி தேவலைங்களா?

பயந்துக்காதீங்க, எல்லாம் சரியாப்போச்சு. போன ஆடியில கம்பெனியில மோட்டார் உழுந்து என் கால் ஒடஞ்சுபோச்சுங்க. மாவுக்கட்டு போட்டும் எலும்பு கூடலை. அப்புறம் டாக்டர் என் இடுப்பெலும்புல இருந்தே மஜ்ஜையை ஊசியில உறிஞ்சி, ஒடஞ்ச எடத்துல போட்டாருங்க. ஆட்டு நல்லிக்குள்ள இருக்குமே, அதேதானுங்க. மூணே மாசத்துல கூடிப்போச்சு! யாருகிட்டயும் ஒண்ணும் வாங்கலீங்க, எல்லாம் நீங்க வளத்த ஒடம்பு. டாக்டருக்குப் படிக்கறவங்களுக்கெல்லாம் இப்ப என் எக்ஸ்ரேயைத்தான் காட்டறாங்க.

கொள்ளு ரெண்டு படி அனுப்புங்க. பொட்டலம் கட்டற தாளு தமிழ்ப் பேப்பரா இருக்கட்டும்.

ஷிப்டுக்கு நேரமாச்சுங்க. தீவாளி போட்டோவுல ஏன் ஒக்காந்தே இருக்கறேன்னு கேட்டீங்களே? இதோட வேற ஒண்ணு வெச்சிருக்கறேன், பாருங்க. நின்னுட்டு எடுத்தது.

உங்க மகன்
சென்னிமலை