ஒன்பதாவது பாட்டின் மூச்சு

அன்பு மகளுக்கு,

என் மேல் உனக்குக் கோபம் தணிந்திருக்காது. இதைப் படித்து முடித்தால் இன்னும் கூடும்.

ஆல்பம் முடிந்துவிட்டது. ஒரு பெண் நோயில் விழுந்த நாள் முதல் அவள் வீடு வெறிச்சோடும் வரை, ஒன்பது பாட்டுக்கும் சேர்த்து ஒரே கதை. எங்கள் நாலு பேரின் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பின்னால் அறுபது பேர் வயலினும் செல்லோவும் வாசித்திருக்கிறார்கள். இருபது வருடமாக மேடையில் ஹெவி மெட்டல் கத்திக்கொண்டிருந்தவனுக்கு இது பேராசைதான்.

கடைசிப் பாட்டு உன் அம்மாவின் கடைசி நாட்களின் மூச்சுச் சத்தத்தில் தொடங்குவதைக் கேட்டதும் நீ ஸ்டுடியோவில் எழுந்து நின்றாய்.

"அம்மாகிட்ட கேட்டீங்களாப்பா?"

"அவளே சரின்னுதாம்மா சொன்னா."

நீ கிளம்பிப் போய்விட்டாய்.

அவள் சரி என்று சொல்லவில்லை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, ஆஸ்பத்திரித் தலையணை ஓரம் ஃபோனை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "இதையுமா? போதுங்க, நிறுத்துங்க" என்றாள். பாட்டுக்காக அதை மட்டும் வெட்டிவிட்டேன்.

நேற்று அந்த மூச்சை எடுத்துவிடச் சொன்னேன். ஒலிப்பதிவாளருக்கு மனசே இல்லை.

"அண்ணே, பாட்டே அதுலதானே நிக்குது?"

"பரவால்லப்பா, எடுத்துடு."

இப்போது பாட்டு நொண்டுகிறது. அப்படியே வெளிவரட்டும்.

வெட்டாத பதிவை உனக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. அவள் நிறுத்தச் சொன்ன பிறகும் அது இரண்டு நிமிடம் ஓடுகிறது.

அப்பா