வாசற்படியில் கொடுக்காத சாவி

வில்னியஸ், அக்டோபர் 1920

அம்மா, உன் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். ஜெர்மன்காரன் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, இப்போது போலந்துப் பட்டாளம் நம் நகரத்தைப் பிடித்துவிட்டது. பயப்படாதே, எங்கள் தெருவில் சண்டை இல்லை.

திங்களன்று அந்தப் பட்டாளத்து அதிகாரி ஒருவன், பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி, என் பள்ளிக்கூட வாசலில் நின்று சாவிக்குக் கை நீட்டினான்.

"வாசப்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நின்னு கொடுத்தா சண்டை வரும், உள்ள வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் நீ பழக்கியதுதான்!

அவனும் இந்தப் பக்கத்து ஆள். "எங்கம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க, டீச்சர்" என்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் பிள்ளைகளின் புத்தகங்களைக் கேட்கப் போனேன். அவற்றை எடுத்து வந்த அதே அதிகாரி, வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"உள்ள வாங்க, டீச்சர்" என்றான். என் பள்ளிக்கூடத்தில் நானே விருந்தாளி.

நமக்கு நடுவில் போர்முனை வந்துவிட்டதால் இனி உன் பக்கம் தபால் போகாது. இதைக் கொண்டுவருகிறவர் அவசரப்படுகிறார். கம்பளிக் காலுறையும் கறுப்பு ரொட்டியும் அவரிடமே கொடுத்தனுப்பு. உள்ளே கூப்பிட்டுக் கொடு. அந்த வாசலாவது நம்முடையதாக இருக்கிறதே.

உன் பார்போரா