ஜூனுக்குள் ஒரு முட்டை

த பேசின், மெல்பேர்ன்
24 மார்ச் 2024

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், கடிதத்தில் மட்டும் எப்படிச் சொல்வது? வாயில் வருவதையே எழுதிவிட்டேன்.

போனில் பேசினால் நிதுஷன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். தாயும் தகப்பனும் வீட்டுக்காகச் சண்டை பிடிப்பதை மருமகள் சோறு பரிமாறிக்கொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. வினுஷா நல்ல பிள்ளை. அவளுக்கு இந்தத் தண்டனை வேண்டாம். இனிமேல் கடிதம்தான், முத்திரை வாங்கியாயிற்று.

செய்தி என்னவென்றால், நான் நான்கு கோழிகள் வாங்கியிருக்கிறேன். கறுப்பு நிறம், வெயிலில் நின்றால் பச்சையாக மினுங்கும். இன்னும் பேட்டுக்குஞ்சுகள்தான், மூன்று மாதம். ஆறு மாதமானால் முட்டையிடும் என்று பண்ணைக்காரி சொன்னாள். அப்படியென்றால் ஜூன். கூட்டை நானே அடித்தேன். போன வருடப் புயலில் எங்கள் அறை யன்னலுக்குப் பக்கத்தில் விழுந்ததே, அந்த மரத்தின் பலகையில்தான். ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. கோழிகள் குறை சொல்லவில்லை.

ஜனவரியில் நான் சிட்னியிலிருந்து கிளம்பும்போது நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "உம்மாலை தனிய அங்க ஒரு பூக்கண்டைக்கூடப் பாக்க ஏலாது. வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாரும்." பூக்கன்று பட்டுப்போனது உண்மை. அதனால்தான் கோழி வாங்கினேன். அது பசித்தால் கத்தும்.

நேரத்துக்கு மருந்தைப் போடுங்கள்.

உங்கள்
ராணி


சிட்னி
6 ஏப்ரல் 2024

அன்புள்ள ராணி,

கடிதம் கிடைத்தது. பேத்தி அந்த முத்திரையை உரித்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு திரிகிறாள்.

நீர் கூடு அடித்த அழகை என்னால் ஊகிக்க முடிகிறது. ஆணியை வளைத்திருப்பீர். அது கிடக்கட்டும். மலையடியில், மரங்களுக்கு நடுவில், ஒரு மனுசி தனியாக நான்கு கோழியோடு இருப்பதை நான் எப்படிச் சரி என்று சொல்வது? காற்று எழும்பினால் இங்கே எனக்கு நித்திரை வருவதில்லை. வீட்டை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஏஜெண்ட் சொல்கிறார். நிதுஷனும் கீழ் அறையை எங்களுக்கென்று ஒதுக்கிவிட்டான்.

உம்முடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். அதனால் ஒரு பேச்சுக்கு வருவோம். ஜூன் முடிவதற்குள் அந்தக் கோழிகளில் ஒன்று ஒரு முட்டை இட்டால், வீட்டை விற்கும் கதையை நான் எடுக்கமாட்டேன். இடாவிட்டால் நீர் கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டும். கடையில் வாங்கிய முட்டையைக் காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்
விக்னராஜா


த பேசின்
17 ஏப்ரல் 2024

இஞ்சேருங்கோ,

ஓம். சம்மதம்.

ஆணி மூன்றுதான் வளைந்தது.

ராணி


த பேசின்
1 ஜூலை 2024

இஞ்சேருங்கோ,

தோற்றுவிட்டேன்.

ஜூன் முழுக்க விடிந்ததும் முதல் வேலையாக முட்டையிடும் பெட்டிக்குள் கையை விட்டேன். முட்டை என்று நினைத்து அவை இடப் பழகட்டும் என்று நான் வைத்த கோல்ஃப் பந்துதான் கையில் தட்டுப்பட்டது. இடப்போகிற பேட்டுக்குக் கொண்டை சிவக்குமாம், இவற்றின் கொண்டை இன்னும் வெளிறிப்போய் இருக்கிறது. முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்காருமாம், இவை என்னைக் கண்டதும் வேலிக்கு ஓடுகின்றன. வாலுக்குக் கீழே இரண்டு எலும்பு முனை உண்டு, முட்டை வரும் காலத்தில் அது விரியும். பிடித்துப் பார்த்தேன். ஒரு விரல்கூடச் சரியாகப் போகவில்லை.

தீனில் குறை வைக்கவில்லை. நரி வராமல் கம்பி வலையை நிலத்துக்குள்ளும் புதைத்தேன். மழையில் சேறு மிதித்து இரண்டு சப்பாத்து போய்விட்டது. ஊரில் என்றால் ஒருவரும் கவனிக்காத கோழிகூட ஆறு மாதத்தில் வேலியடியில் இட்டுவிடும். இங்கே நான் தாங்கித் தாங்கி வளர்த்தும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

சொன்ன சொல் சொன்னதுதான். பேப்பரை அனுப்புங்கள்.

ராணி


சிட்னி
13 ஜூலை 2024

அன்புள்ள ராணி,

உம்முடைய கடிதம் வந்த அன்றே பேப்பரைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பேத்தி இருட்டாக இருக்கிறது என்று சிணுங்கினாள். லைட்டைப் போட எழும்பிய இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வினுஷாவின் போனில் தேடிப் பார்த்தேன்.

கோழிக்கு வயது வந்தால் மட்டும் போதாதாம், பகலும் நீள வேண்டுமாம். ஊரில் எந்த மாதமும் பகல் ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். இங்கே ஜூன் மாதம் வருடத்திலேயே பகல் குறுகிய மாதம். அதுவும் மலை நிழலில், நாலரைக்கெல்லாம் உம்முடைய கூட்டில் இருள் விழுந்திருக்கும். கோழியிலும் பிழையில்லை, உம்மிலும் பிழையில்லை. யாழ்ப்பாணக் கணக்கை வைத்துக்கொண்டு மெல்பேர்ன் குளிர்காலத்தில் பந்தயம் கட்டிய இரண்டு பேரும்தான் மடையர்கள்.

சொல்லாமல் பேப்பரை அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. கவரைக் கிழித்துவிட்டேன். இந்தப் பந்தயம் செல்லாது.

பின்வளவில் சாமான் போடும் செட்டில் என்னுடைய பழைய டைமர் இருக்கிறது. கூட்டில் ஒரு சின்ன பல்ப் போட்டு விடியற்காலையில் எரியவிட்டால் கெதியில் இடத் தொடங்கும். முப்பது வருடம் வயர் இழுத்தவன் சொல்கிறேன், வெளியே போகிற வயரை மழையில் நனையவிடாதேயும். ஓகஸ்ட் முடியும்வரை தவணை தருகிறேன்.

ஆனால் நான் அங்கே வருவேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மரம் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நீர் இல்லை.

விக்னராஜா


த பேசின்
22 ஜூலை 2024

இஞ்சேருங்கோ,

கவரைக் கிழித்ததற்கு நன்றி. அந்த வரியை நான்கு தரம் வாசித்தேன்.

பல்ப் போடமாட்டேன். பகல் நீளும்போது அவை இடட்டும். தவணையும் வேண்டாம், இனிப் பந்தயமும் வேண்டாம். எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்று நேராகச் சொல்லத் துணிவில்லாமல் கோழிகளை முன்னால் விட்டேன். இப்போது சொல்கிறேன்: நான் கையெழுத்து வைக்கமாட்டேன். முட்டை வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டில்தான் இருப்பேன். சிட்னியில் நான் விருந்தாளி. மற்றவளுடைய குசினியில் கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சமைக்க என்னால் ஏலாது.

நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் என்னில் அலுத்துத்தான் அங்கே தங்கிவிட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, யன்னல் பக்கம் சாய்ந்து நின்ற மற்ற இரண்டையும் போன கிழமை எடுப்பித்தேன். இனி அந்தப் பக்கம் விழுவதற்கு ஒன்றுமில்லை.

எனக்கு நீங்கள் வேண்டும். ஆனால் இங்கே வேண்டும்.

ராணி


த பேசின்
25 ஓகஸ்ட் 2024

இஞ்சேருங்கோ,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். மருந்தைப் போடுகிறீர்களா என்று வினுஷாவிடம் கேட்டேன். போடுகிறாராம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான்கில் பெரியதுக்கு அதிபர் என்று பெயர் வைத்திருக்கிறேன், மற்ற மூன்றையும் அதட்டிக்கொண்டே திரியும். அதன் கொண்டை செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்துவிட்டது. நேற்று முதுகில் கை வைத்தேன். ஓடவில்லை. சிறகைக் கொஞ்சம் விரித்து அப்படியே பதுங்கி உட்கார்ந்தது. எலும்புகளுக்கு நடுவில் இப்போது மூன்று விரல் போகிறது. தீனுக்குப் பறக்கிறது, சிப்பித்தூளைத் தேடித் தின்கிறது. காலையில் பெட்டிக்குள் போய் வைக்கோலைக் கிண்டி, கோல்ஃப் பந்துக்கு மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருகிறது. மற்ற மூன்றும் இன்னும் சின்னப் பிள்ளைகள்தான், கொண்டை இப்போதுதான் நிறம் பிடிக்கிறது.

இரண்டு கிழமைக்குள் அதிபர் இட்டுவிடும். இது பந்தயமில்லை, செய்தி.

ராணி


சிட்னி
1 செப்டம்பர் 2024

அன்புள்ள ராணி,

கோபமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

சனிக்கிழமை காலை வந்து சேருவேன். நிதுஷன் டிக்கெட் எடுத்துத் தந்தான். திரும்புவது செவ்வாய்க்கிழமை, அதுவும் எடுத்தாயிற்று. கூட்டின் சரிவைப் பார்க்கத்தான் வருகிறேன். வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம்.

விக்னராஜா


குசினி மேசை
7 செப்டம்பர் 2024, சனிக்கிழமை

இஞ்சேருங்கோ,

இன்றைக்குச் சதுர்த்தி. பிள்ளையாரிடம் போய்விட்டு மத்தியானம் வருவேன். திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே வந்திருப்பீர்கள், அது பழைய இடத்தில்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணி பிளாஸ்கில் இருக்கிறது. கரண்டி எங்கே என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் அறை யன்னலால் எட்டிப் பாருங்கள். வானம் தெரியும்.

பிறகு கூட்டுக்குப் போங்கள். அதிபர் உங்களைக் கண்டு பதுங்கினால் பயத்தில் இல்லை, முதுகைத் தடவிவிடுங்கள். பெட்டியில் வெள்ளையாக இருப்பது கோல்ஃப் பந்து, அவிக்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில் மண்ணிறமாக, சின்னதாக ஒன்று இருக்கிறது. காலையில் அதிபர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாயும் குலைத்தது. நான் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள்.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் என்று எழுதியிருந்தீர்கள். மற்ற மூன்றையும் நேற்றுப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல்தான் போகிறது. செவ்வாய்க்குள் அவை இடமாட்டா. அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்கள்
ராணி