நூல் பிடித்த மாதிரி

ஜூன் 3
தண்ணீர் பிடித்தேன். துணி துவைத்தேன். சுவரைப் பார்க்காமல் பின்கதவைச் சாத்தினேன்.

ஜூன் 5
மகள் எழுதாமல் விட்ட நோட்டு இது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். கோடு போட்ட தாளிலும் என் எழுத்து மேலேயும் கீழேயும் போகிறது. எங்க வீட்டுக்காரர் இருந்தால் சிரித்திருப்பார்.

அவர் கொத்தனார். நான் அவருக்குச் சித்தாள், பதினாறு வருஷம். ஒன்று நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவரிடம் இருந்தது ஒரே வார்த்தைதான். நூல் பிடித்த மாதிரி. சுவரின் இரண்டு முனையிலும் ஆணி அடித்து, நூலைக் கட்டி, அதன் நேருக்குச் செங்கல் வைப்பார். முடித்ததும் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து அதைச் சொல்வார். என் வகிட்டுக்கும் சொல்வார். பஸ்ஸுக்கு நிற்கிற வரிசைக்கும் சொல்வார். மனுஷரை மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

ஜூன் 6
அவர் சாவன்றைக்கு மேஸ்திரி சொன்னார், நூல் பிடித்த மாதிரி வாழ்ந்த மனுஷன் என்று. அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் என்ன செங்கல்லா என்று கேட்டிருப்பார். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டார். நாலாம் நாள் தானே வந்து, டீ இருக்கா என்பார்.

அந்தப் பேசாத மூணு நாளாவது திரும்பக் கிடைக்காதா?

ஜூன் 9
சுவரின் ஏழாவது வரி. எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று நாங்களே கட்டிக்கொண்டிருந்த அறை. அவருக்கு மூச்சு வாங்கியது. கல்லுக்கும் நூலுக்கும் நடுவே மயிரிழை இடம் விட வேண்டும். ஒரு கல் தொட்டாலும் நூல் தள்ளிப்போகும், அடுத்து வைக்கிற கல்லெல்லாம் அதோடு போகும். அன்றைக்கு நடுக்கல் தொட்டது. நான் பார்த்தேன்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்காடி?" குனிய முடியாமல் என்னைக் கேட்டார்.

இருக்குங்க என்றேன்.

ஏன் சொன்னேன்? தன் கண்ணாட்டம் என்னைத்தானே நம்பினாரு— அதுதான் அவர் கடைசியா வச்ச வரி.

ஜூன் 14
கொழுந்தன் வந்தார். அவரும் கொத்தனார்தான். மழைக்கு முன்னால் சுவரை ஏற்றிக் கூரை போட்டுவிடலாம், ஒழுகுகிற வீட்டில் பிள்ளையோடு எத்தனை நாள் இருப்பீர்கள் என்றார். சுவரைப் பார்த்ததும் மேல் வரியைக் கையால் தடவினார்.

"அண்ணி, மேல் வரி தொப்பை போட்டிருக்கு. எடுத்துட்டுத்தான் வைக்கணும்."

அதில் கை வைக்காதீங்க தம்பி என்று கத்திவிட்டேன். டீகூடக் குடிக்காமல் போனார்.

ஜூன் 17
தூறல். மகள் புத்தகத்தையெல்லாம் கட்டில் மேல் ஏற்றி, தான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள்.

ஜூன் 18
ஒருதரம் எங்க வீட்டுக்காரர் யாரோ வீட்டுச் சுவரில் கோணல் என்று முழு வரியையும் தட்டிவிட்டார். எவன் பார்க்கப் போறான் என்றேன்.

"நான் பாத்துட்டேனே."

நானும் பாத்துட்டேனே.

ஜூன் 20
ஏழாவது வரியை நானே தட்டி எடுத்தேன். ஒட்டின கலவையைச் சுரண்டி அடுக்கினேன். முப்பத்தோரு கல். ஒன்றும் உடையவில்லை. கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 22
அதே கல், அதே நூல். வரியை முடித்துவிட்டு, "அண்ணி, பாருங்க" என்றார் கொழுந்தன். எங்க வீட்டுக்காரர் குனிகிற இடத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடினேன்.

"நடுவுல ஒண்ணு தொடுது தம்பி. எடுங்க."

எடுத்து வைத்தார். மறுபடி குனிந்தேன். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.