கூரைக்கு மட்டும் கோடைக்காலம்

அன்புள்ள சாவ்காவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? ஊரில் முழங்காலளவு பனி என்று கேள்விப்பட்டேன். விறகை நீ தூக்காதே, உன் தம்பியைக் கூப்பிடு.

இந்தக் கடலோரத்தில் பனி இல்லை, ஈரக் குளிர்தான். அறையில் அடுப்பு கிடையாது. ஏசியில்தான் சூடுகாற்று வைத்துக்கொள்ள வேண்டும். பிடரியில் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று உன் அம்மா சொல்வாரே, அந்தப் பயத்தில் அதன் தகடுகளை மேல்நோக்கித் திருப்பி டேப் ஒட்டி, முப்பது டிகிரியில் வைத்தேன். அப்படியும் ஒரு வாரமாகக் கால் விறைத்தது.

நேற்று பல்பு மாற்ற நாற்காலியில் ஏறிய அறைத்தோழன் வுக்கோட்டா, வேர்த்து வழிய இறங்கினான்.

"டேய் ஓப்ராட், மேல ஒரே கோடைடா! குளிருது குளிருதுன்னியே, உனக்கா, கூரைக்கா?"

டேப்பைப் பிய்த்துத் தகடுகளைக் கீழ்நோக்கித் திருப்பினான். தூசி வலையைக் கழுவி மாட்டி, இருபத்தொன்றில் வைத்தான். "இது இப்படியே ஓடட்டும். சும்மா சும்மா அணைச்சுப் போட்டே, கையை உடைப்பேன்."

அரை மணியில் கால் வரை சூடு வந்துவிட்டது. கழுத்தும் பிடிக்கவில்லை, இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நீ பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, இந்தக் கடிதம் கொண்டுவரும் பஸ் அடுத்த முறை திரும்பும்போது கொடுத்தனுப்பு. அறைதான் சூடாகிவிட்டதே என்று கேட்காதே. கடிதத்தை வாங்கிக்கொள்ள டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அனுப்பும் முன் ஒரு நாள் அந்தக் காலுறையை நீ போட்டுக்கொள்.

உன்
ஓப்ராட்