சஹனின் இடது பக்கம்

அன்பு மகன் முனீருக்கு,

உன் அத்தா தலைக்குள் வளர்ந்த கட்டிக்கு நீ தைலம் அனுப்பிக்கொண்டிருந்தாய். இதைச் சொன்ன பிறகுதான் ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும். கோவளத்தில் நானும் அத்தாவும் உன் தங்கை ஹனியாவும் அல்லாஹ் கிருபையால் நன்றாக இருக்கிறோம், நீயும் ஷார்ஜா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் அத்தா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்காருகிறார், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து ஷார்ஜா திரும்பும் அய்மன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்பு மாதம் முழுக்க அவருக்கு விடியும்போதே தலைவலி, வாந்தி. டீ குடிக்காத வலி என்றாய் நீ. பள்ளிவாசலில் பாதிப் பேருக்கு நோன்பில் தலைவலிதான், அதனால் யாரும் மதிக்கவில்லை, தெருமுனை டாக்டரும் கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார். பெருநாள் முடிந்து டீயாகக் குடித்தும் வலி போகவில்லை, நீ இன்னும் பெரிய பாட்டிலாக அனுப்பினாய். வெளிநாட்டுத் தைலம் இல்லாத வீடு நம் தெருவில் இல்லை, எல்லார் நெற்றியும் பளபளக்கிறது, உள்ளே என்ன என்று பார்க்கத்தான் ஒருவனுக்கும் நேரமில்லை.

என் அக்கா மகள் ஃபர்சானா கல்யாணத்தில் அத்தாவும் அவருடைய போட் கூட்டாளி பெஞ்சமினும் ஒரே சஹனில் உட்கார்ந்தார்கள். நாலு பேர் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் தொடவேண்டும், உனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அன்று தன் இடது பக்கத்துச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு வலது பக்கம் இருந்த பெஞ்சமின் கறியை எடுத்திருக்கிறார். "இன்னா பாய், உன் கறி அப்டியே கீது, என்துல கைய வச்சுகினு கீற?" என்று அவன் கேட்க எல்லாரும் சிரித்தார்களாம், அத்தாவும். பெஞ்சமின் வீட்டுக்கு வந்து தமாஷாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் சட்டையின் இடது கையை மாட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு மாட்டிவிட்டிருந்தேன்.

மறுநாளே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா இரண்டு கையையும் நீட்டி விரலை எண்ணச் சொன்னார், இவர் தன் வலது பக்கம் இருந்த கையைத்தான் எண்ணினார். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தெரியவில்லையாம். அன்றே ஸ்கேன், பிறகு சென்னையில் ஆபரேஷன். கண் விழித்ததும் டாக்டர் என்னைக் காட்டி யார் என்று கேட்டதற்கு, "இதுவா, என் பேஜாரு" என்றார். அங்கேயே எனக்கு உயிர் வந்தது.

இப்போது ரேடியேஷன் என்று தலைக்குக் கரண்டு வைக்கிறார்கள், மாத்திரையும் உண்டு. முடி கொட்டியதற்குக் கடற்கரையில் தொப்பி மாட்டிக்கொண்டு துரை மாதிரி நடக்கிறார். ஹனியா தினமும் வஞ்சிரத் துண்டைத் தட்டின் இடது பக்கம் ஒளித்து வைக்கிறாள், தானாகத் தலையைத் திருப்பிக் கண்டுபிடித்தால் இன்னொரு துண்டு. மனுஷன் எடை கூடிவிட்டார்.

ஆபரேஷன் சமயம் போனில் சின்னக் கட்டி என்று உன்னிடம் சொன்னது பொய், அத்தாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். வேகமாக வளரும் சாதியாம், திரும்பவும் வருமாம். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததால் கையும் காலும் பேச்சும் இருக்கும்போதே எடுக்க முடிந்தது, நல்ல நாட்கள் கிடைத்திருக்கின்றன, எத்தனை என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டர். நான் கேட்கவில்லை.

அத்தா மய்யித்தை அடக்கம் செய்யவேண்டும் என்று அழுதால் உன் அரபி முதலாளி லீவு கொடுப்பான், அவனுக்கும் ஊருக்கும் அதுதான் மரியாதை. அந்த லீவு எனக்கு வேண்டாம். அத்தாவோடு ஒரு சஹனில் உட்கார்ந்து அவரிடம் கறியைப் பறிகொடுக்க லீவு கேள். பாஸ்போர்ட்டைத் தரமாட்டான் என்றால் அதையும் எனக்கு மறைக்காமல் எழுது. அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். வெயிலில் தலையைத் துணியால் மூடிக்கொள்.

உன் அம்மா,
ஜெய்புன்னிசா

அய்மன் வாசலில் பையோடு நிற்கிறான். தைலம் எதுவும் கொடுத்தனுப்பாதே. தேதியை மட்டும் சொல். எந்தத் தேதி வருகிறாய்?