லோத்தின் மனைவி ஆற்றாத உரை

மார்ச் 4, செவ்வாய்

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். பல நாள்களாகத் தங்களைத் திறவாதிருந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். காரணம் தகுந்ததே: பிரெஞ்சு மொழியில் ஓரங்கத் துன்பியல் நாடகம் ஒன்றை எழுதி முடித்துள்ளேன். எவரிடமும் பயிலாமல், எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் கல்லாவில் அமர்ந்தபடி, அகராதியும் வானொலியும் துணையாக நானே கற்ற பிரெஞ்சு.

நாயகி, லோத்தின் மனைவி. வேதாகமம் அவளுக்குப் பெயர்கூட இடவில்லை. எரியும் ஊரைவிட்டு ஓடுகையில், இறைவனின் கட்டளையை மீறித் திரும்பிப் பார்த்து உப்புத் தூணானவள். என் நாடகத்தில், ஊருக்குள் சிக்கிக்கொண்ட மகள் "அம்மா" என்று அழைக்கிறாள். நாயகி இரண்டு பக்க இறுதி உரை ஆற்றுகிறாள், பிறகே திரும்புகிறாள். அவ்வுரையை நானே வாசித்து நானே அழுதேன்.

மார்ச் 6, வியாழன்

நூலகத்து மாலை வகுப்பின் பிரெஞ்சு ஆசிரியை, ஆண்டுவிழாவில் நாடகத்தை மேடையேற்ற இசைந்தார். "கடைசிப் பேச்சு மட்டும் கொஞ்சம் நீளமோ?" என்றார். புன்னகைத்தேன். குறைக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாயகி வேடத்துக்கு என் நாத்தனாரைத் தவிர ஆள் அகப்படவில்லை. வகுப்பின் கடைசி வரிசையில் ஸ்வெட்டர் பின்னுகிறவள். லோத் வேடம் என் கணவருக்கு.

"எனக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு வராதே."

"நீங்க வாயத் திறக்காம முன்னால போனா போதும்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதான செய்றேன்."

மார்ச் 15, சனி

ஒத்திகை. உரையின் நடுவே நாத்தனார் நிறுத்தினாள்.

"அண்ணி, மக கூப்பிட்டாச்சு. நான் எதுக்கு இன்னும் மலையையும் வானத்தையும் வர்ணிச்சுக்கிட்டு நிக்கிறேன்?"

"அது துன்பியல்."

"கால் வலிக்குது. அதுவும் துன்பியல்தான்."

அனைவரும் சிரித்தனர். ஒரு சொல் குறைந்தாலும் நாடகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று அறிவித்தேன்.

மார்ச் 22, சனி

மாலை விழா. நாத்தனார் காலையில் உரையைப் பிழையின்றி ஒப்பித்தாள். மனம் நிறைந்தது.

மார்ச் 23, ஞாயிறு

பேசலையே! ஒரு வார்த்தை— ஒரே ஒரு வார்த்தை பேசலையே இவ!

நேற்று மேடையில், திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரலில் ஆசிரியை அழைத்தார். நாத்தனார் சட்டெனத் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். நானோ மடியிலிருந்த தாள்களில் எந்த வரியை விட்டாள் என்று தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, கணவர் ஒன்றும் அறியாமல், அவள் பற்றிக்கொள்வாள் என்று ஒரு கையைப் பின்னால் நீட்டியபடியே நடந்து வெளியேறிக்கொண்டிருந்தார். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. என் தாள்கள் எப்போது கீழே விழுந்தன?

பிறகு ஒப்பனை அறையில் கேட்டேன்: "மறந்துட்டியா?"

"மறக்கல." முகத்து வெள்ளைப் பூச்சைத் துடைத்துக்கொண்டே உரை முழுவதையும் கடகடவென்று சொல்லிக் காட்டினாள். "டீச்சர் கூப்பிட்ட குரல் அப்படி இருந்துச்சு அண்ணி. திரும்பிட்டேன்."

மார்ச் 24, திங்கள்

நாத்தனாரோடு பேசவில்லை. கணவர் மட்டும் சாப்பிடும்போது சொன்னார்: "வெளிய வந்துதான் பாத்தேன். கை காலியா இருந்துச்சு."

மார்ச் 26, புதன்

மற்றோர் ஊரின் பிரெஞ்சு மன்றம் நாடகத்தைக் கேட்டிருக்கிறது. அனுப்பிய மடலின் நகல்:

"மாண்புமிகு செயலர் அவர்களுக்கு, பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். மகள் அழைத்த பின் நாயகிக்கு வசனம் ஏதுமில்லை. அவ்விடத்தில் எவரும் எதையும் சேர்த்தல் கூடாது. நாயகியாக நடிக்க என் நாத்தனார் வருவார். விழா நாளைக் குறிப்பிட்டு விரைவில் பதில் எழுதவும்."